இயா பள்ளத்தாக்கில் சைக்கிளில் ஒரு நாள்: ஆற்றோரச் சாலையும் மேட்டு ஊர்களும்

குறிஞ்சிவழி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற அக்டோபர் மாதக் கடைசியில், ஜப்பானின் ஷிக்கோக்குத் தீவில் தொக்குஷிமா மாகாணத்தின் மேற்கே இருக்கும் இயா பள்ளத்தாக்கை, அடியிலிருந்து தலைவரை ஒரே நாளில் சைக்கிளில் ஏறினேன். ஓபொக்கே ரயில் நிலையத்திலிருந்து மினோகோஷி கணவாய் வரை ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். சமவெளியில் மூன்று மணி நேரத்தில் முடியும் தொலைவு அது. எனக்கு ஒன்பது மணி நேரம் ஆயிற்று. அதில் ஏறக்குறையப் பாதி நேரம் நான் சைக்கிளை விட்டு இறங்கித்தான் இருந்தேன். அப்படி இறங்காமல் போயிருந்தால் இயாவைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருந்திருக்காது என்பதே என் எண்ணம். இதே வழியில் சென்றவர்கள் இந்தக் கருத்தோடு உடன்படுகிறார்களா என்று அறிய விரும்புகிறேன்.

முதலில் போய்ச் சேரும் வழி. நான் வசிக்கும் ஒக்காயாமாவிலிருந்து கோச்சி வரை ஓடும் 'நான்பூ' விரைவு ரயில் ஓபொக்கேயில் நிற்கிறது. நான்பூ என்றால் தென்காற்று; 1988-இல் திறக்கப்பட்ட செட்டோ பெரும்பாலத்தின் மேல் கடலைக் கடந்து அது தெற்கே இறங்குகிறது. சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றி, எந்தப் பகுதியும் வெளியே தெரியாதபடி 'ரிங்கோ' பைக்குள் கட்டிவிட்டால் ரயிலில் தனிக் கட்டணம் இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 250 சென்டிமீட்டருக்குள்ளும், எடை 30 கிலோவுக்குள்ளும் இருக்க வேண்டும். முதல் நாள் மாலையே போய் நிலையத்தின் அருகில் தங்கி, காலை ஏழரை மணிக்குப் புறப்பட்டேன். இலையுதிர்காலத்தின் கடைசியில் சூரியன் ஐந்து மணியை ஒட்டி மறைந்துவிடும். இருபுறமும் மலை நெருக்கும் பள்ளத்தாக்கில் வெயில் அதற்கும் வெகு முன்பே போய்விடும். ஆகவே பிற்பகலில் புறப்படலாம் என்று யாரும் திட்டமிட வேண்டாம்.

ஓபொக்கேயிலிருந்து சாலை உடனே ஏறத் தொடங்குகிறது. உச்சியில் ஒரு நீண்ட சுரங்கப்பாதை. பின்விளக்கை எரியவிட்டுக் கடந்து மறுபுறம் இறங்கினால் இயா ஆறு. அதன் மேல் கசுராபாஷி எனப்படும் கொடிப்பாலம் தொங்குகிறது. காட்டுக் கொடிகளை முறுக்கிக் கட்டிய பாலம்; 45 மீட்டர் நீளம், நீர்மட்டத்திலிருந்து 14 மீட்டர் உயரம். உள்ளே இரும்புக் கம்பிகள் தாங்கினாலும் மூன்றாண்டுக்கு ஒரு முறை கொடிகளை மாற்றிப் புதிதாகக் கட்டுகிறார்கள். 1185-இல் யாஷிமா போரில் தோற்ற தாய்ரா என்னும் போர்வீரர் குலத்தார் இந்த மலைகளுக்குள் ஒளிந்தார்கள் என்றும், பகைவர் வந்தால் வெட்டிவிடலாம் என்பதற்காகவே கொடியில் பாலம் கட்டினார்கள் என்றும் ஊர்க்கதை சொல்கிறது. பேருந்துகளில் வந்த கூட்டம் அதிகமாக இருந்ததால் அங்கே நான் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை.

என் பயணம் உண்மையில் ஓச்சியாய் என்ற மேட்டு ஊரில்தான் தொடங்கியது. அதற்குச் சற்று முன்னால், கியோஜோ என்ற ஊரில் தேசியச் சாலை 439 வந்து சேர்கிறது. நான்கு, மூன்று, ஒன்பது என்ற எண்களின் ஒலிகளைச் சேர்த்து 'யோசாக்கு' என்று சைக்கிள்காரர்களும் மோட்டார் சைக்கிள்காரர்களும் அதைச் செல்லமாக அழைப்பார்கள். தேசியச் சாலை என்பதற்கான 'கொக்குதோ' என்ற சொல்லை, கொடுமையான சாலை என்று பொருள்படும்படி வேறு எழுத்திலும் எழுதலாம். 439-க்கு அந்த எழுத்தே பொருந்தும் என்பது அவர்கள் கட்சி: பல இடங்களில் ஒரே ஒரு வண்டிதான் போகலாம், வளைவுக்கு வளைவு குவியாடி, தார் மீது பாசியும் உதிர்ந்த தேவதாருச் சருகும். அப்படி ஒரு சுள்ளி என் பின்கியர் மாற்றிக்குள் சிக்கிக்கொண்டதால்தான் நான் ஓச்சியாயின் கீழே இறங்க நேர்ந்தது. கியரைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தபோது, தலைக்கு மேலே செங்குத்தான சரிவில் வீடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் இடையே 390 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. சைக்கிளைச் சாலையோரம் பூட்டி வைத்துவிட்டு, நடைபாதையில் ஏறினேன்.

ஏற ஏறத்தான், அதுவரை நான் பார்த்துக்கொண்டு வந்தது பள்ளத்தாக்கின் அடித்தளத்தை மட்டுமே என்பது புரிந்தது. கல் அடுக்கிய தாங்கு சுவர்கள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு குறுகிய தட்டு; இடம் போதாததால் பெரிய வீடு, முதியவர் வாழும் சிறு வீடு, களஞ்சியம் எல்லாம் சரிவின் குறுக்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. மழைச்சாரல் மண்சுவரைக் கரைக்காதபடி, நசுக்கி விரித்த மூங்கிலைச் சுவர்மேல் போர்த்தியிருக்கிறார்கள். தோட்டங்களில் கூம்பு வடிவில் புல்கட்டுகள் நின்றன. ஒரு மூதாட்டி, குனிந்து, பல் பல்லான ஒரு கருவியால் மண்ணை இழுத்து மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "மண் ஆண்டு முழுவதும் கீழே போகும், நாங்கள் அதைத் திரும்ப மேலே கொண்டுவந்து விடுவோம்" என்றார். அந்தச் சரிவில் நிற்கவே நான் முழங்காலை மடக்க வேண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் அங்கே கழிந்தது. அதற்குப் பிறகு மேட்டில் ஊர் தெரிந்த இடமெல்லாம் இறங்கி ஏறினேன்.

நாகோரோ என்ற ஊரில் மனிதர்களைவிடப் பல மடங்கு அதிகமாகத் துணிப் பொம்மைகள் இருக்கின்றன. அதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அதைத் தாண்டியபின் வீடுகள் ஓய்ந்து, மேப்பிள் மரங்கள் சிவந்த காடு தொடங்குகிறது. மேல் இயாவின் இரட்டைக் கொடிப்பாலங்களைக் கடந்து, நாலரை மணிக்கு, ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள மினோகோஷியை அடைந்தபோது விரல்கள் விறைத்து, பிரேக்கைப் பிடிக்கவே முடியவில்லை. சுருகி மலையின் அடிவாரத்து விடுதியில் வெந்நீர்த் தொட்டி இருந்தது.

சமவெளிச்சக்கரம்

விரிவான பதிவுக்கு நன்றி. ஆனால் திசையைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான் வடக்கே சதாமிட்சு நிலையத்தில் இறங்கி, தேசியச் சாலை 438 வழியாக மினோகோஷிக்கு ஏறி, அங்கிருந்து இயா பள்ளத்தாக்கு முழுவதையும் இறக்கத்தில் கடந்தேன். காலை நேரத்தின் முழு வலிமையையும் ஏற்றத்துக்குக் கொடுத்துவிட்டு, களைத்த பிற்பகலில் ஆற்றோடு சேர்ந்து இறங்குவது உடலுக்கு ஏற்றது. மாலையில் ஓபொக்கேயில் ரயில் ஏறி அன்றே வீடு திரும்பவும் முடியும். ஒன்பது மணி நேரம் ஏறிக்கொண்டே இருந்தால் கடைசி மணிநேரங்களில் கண் எதையும் பார்க்காது. நீங்கள் என்ன கியர் வைத்திருந்தீர்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

குறிஞ்சிவழி

முன்னால் 30 பல், பின்னால் பெரிய பற்சக்கரத்தில் 36 பல்; டயர் 38 மில்லிமீட்டர். பைகளில் ஏழு கிலோ. இதற்கு மேல் எடை ஏற்றுபவர்கள் இன்னும் இலகுவான கியர் வைத்துக்கொள்ள வேண்டும்.

திசையைப் பற்றி: உங்கள் வழியில் உடல் களைப்பு குறைவு என்பதை ஏற்கிறேன். ஆனால் 439-இல் இறங்கும்போது கண் முழுவதும் சாலையிலேயே இருக்க வேண்டும். எதிரே வண்டி வருகிறதா, சருகின் அடியில் ஈரமா, வளைவுக்கு அப்பால் மலையிலிருந்து கல் உதிர்ந்து கிடக்கிறதா என்று ஒவ்வொரு கணமும் பார்க்க வேண்டும். மணிக்கு எட்டு கிலோமீட்டரில் ஏறுகிறவனுக்குத் தலையைத் தூக்கி மேட்டைப் பார்க்க நேரம் இருக்கிறது. நினைத்த இடத்தில் கால் ஊன்றவும் முடிகிறது. இறக்கத்தில் போயிருந்தால் ஓச்சியாயை இரண்டே நிமிடத்தில் தாண்டியிருப்பேன்.

பழையபாதை

குறிஞ்சிவழி அவர்களே, நீங்கள் சுரங்கப்பாதை வழியாக நுழைந்ததில் ஒரு முக்கியமான பகுதியைத் தவறவிட்டீர்கள் என்பதைப் பணிவோடு சொல்ல விரும்புகிறேன். இயா ஆறு யோஷினோ ஆற்றில் கலக்கும் இடத்தின் அருகே இயாகுச்சி என்ற சிறு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஆற்றின் இடுக்கு வழியாகவே கசுராபாஷி வரை செல்லும் பழைய 'இயா காய்தோ' சாலைதான் பள்ளத்தாக்கின் உண்மையான வாசல். பாறையைக் குடைந்து, பதினெட்டு ஆண்டுகள் பாடுபட்டு, 1920-இல் திறந்த சாலை அது. ஆற்றிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் தொங்கும் ஒரு பாறை முனையில், சிறுநீர் கழிக்கும் சிறுவனின் வெண்கலச் சிலையை நிறுத்தியிருக்கிறார்கள். சாலை போட வந்தவர்களும் ஊர்ப் பிள்ளைகளும் அந்த முனையில் நின்று தைரியத்தைச் சோதித்துக்கொண்ட கதையின் நினைவாக வைத்தது. வண்டிகள் பெரும்பாலும் சுரங்கப்பாதையில் போய்விடுவதால், நான் சென்ற அன்று காலை இரண்டு மணி நேரத்தில் நான்கு கார்கள்தான் எதிர்ப்பட்டன.

இதை வெறும் வழிக்குறிப்பாகச் சொல்லவில்லை. ஆற்றோரச் சாலை பள்ளத்தாக்கின் அடித்தளத்தை மட்டுமே காட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சாலை வருவதற்கு முன் இயாவுக்குள் போகிறவர்கள் மலைமுகட்டுக் கணவாய்களைத் தாண்டித்தான் போனார்கள். அன்று மேட்டு ஊர்கள்தான் வழியோரத்தில் இருந்தன. ஆற்றங்கரை ஒதுக்குப்புறமாகக் கிடந்தது. சாலை வந்தபின் இது தலைகீழாக மாறிற்று. புகையிலையும் மரமும் அந்தச் சாலை வழியாகத்தான் வெளியே போயின. பிறகு ஊர்ப் பிள்ளைகளும் அதே வழியில் ஒசாகாவுக்கும் கோபேக்கும் போனார்கள். நீங்கள் மேட்டில் கண்ட அமைதிக்குக் காரணம் கீழே இருக்கும் சாலை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

குறிஞ்சிவழி

இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. சாலைக்கும் மேட்டு ஊருக்கும் இடையே ஓர் உறவு இருக்கிறது என்ற அளவில் என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கணவாய்ப் பாதைக்காக மட்டும் ஒருவர் அவ்வளவு செங்குத்தான இடத்தில் வீடு கட்டி, ஆண்டுதோறும் மண்ணைச் சுமந்து ஏற்றுவாரா?

படிகப்பாறை

நான் நிலவியல் படித்தவன் என்பதால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். இயாவின் பெரும்பகுதி சன்பாகாவா எனப்படும் உருமாறிய பாறைப் பட்டையில் அமைந்திருக்கிறது. ஏடு ஏடாகப் பிளக்கும் பச்சை நிறப் பாறை அது. தாங்கு சுவர்களில் நீங்கள் பார்த்த தட்டையான கற்களும் அதுவே. இந்தப் பாறை ஏடுகளின் வழியே மலை மெதுவாகச் சரியும் இயல்புடையது. அப்படிப் பழங்காலத்தில் சரிந்த இடங்களில்தான் சாய்வு சற்றுத் தணிந்து, பாறை நொறுங்கி ஆழமான மண்ணாகி, ஊற்றும் கசிகிறது. ஆற்றின் ஓரமோ செங்குத்தான பாறை இடுக்கு. அங்கே மண்ணும் இல்லை, குளிர்காலத்தில் வெயிலும் இல்லை. இரவில் குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தங்கும். மேட்டில் வெயில், நீர், மண் மூன்றும் கிடைத்தன. சரிவு கொடுத்த நிலத்தில் வாழ்ந்தார்கள், சரிவோடு போராடியும் வாழ்ந்தார்கள்.

கூம்பாக நின்ற புல்கட்டுகளுக்கு 'கோயெகுரோ' என்று பெயர். இலையுதிர்காலத்தில் அறுத்த புல்லை அப்படிக் கட்டிக் காயவைத்து, பிறகு நறுக்கி நிலத்தில் பரப்புவார்கள். அது உரமாவதோடு மழையில் மண் அரிக்காமலும் காக்கும். சில வயல்களின் சாய்வு 40 பாகையை எட்டும். படிக்கட்டு வயலாக்காமல் சரிவாகவே உழுகிறார்கள் என்பதுதான் இதில் வியப்பு. 2018-இல் இந்த மேற்கு ஆவா (ஆவா என்பது தொக்குஷிமாவின் பழம்பெயர்) சரிவு வேளாண்மையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது. நெல் இங்கே மிகக் குறைவு. சோபா எனப்படும் பக்வீட் தானியமும் சிறுதானியமும் உருளைக்கிழங்கும்தான் முதன்மை.

ஒசாகா_தமிழினி

சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் சைவம். மீன் கூடச் சேர்ப்பதில்லை. மேல் பள்ளத்தாக்கில் ஒரு நாள் முழுவதும் சைக்கிள் ஓட்டத் தேவையான உணவு எனக்குக் கிடைக்குமா?

குறிஞ்சிவழி

இது மிக முக்கியமான கேள்வி, அக்கா. நானும் சைவம்தான், முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இயா சோபா புகழ்பெற்றது. பிணைப்புக்கான கோதுமை மாவு சேர்ப்பு குறைவாக இருப்பதால் நூடுல்ஸ் தடித்தும் குட்டையாகவும் இருக்கும். ஆனால் அதன் சாறும், குளிர்ந்த சோபாவுக்குத் தரும் தொடுசாறும் பொதுவாக உலர்மீன் சேர்த்த 'தாஷி' என்னும் அடிச்சாற்றில்தான் செய்யப்படுகின்றன. கடைக்காரர்கள் இறைச்சி இல்லை என்று மனதார உறுதி சொல்வார்கள். தாஷியை அவர்கள் மீனாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே "கட்சுவோ (சூரை மீன்) தாஷி சேர்க்கிறீர்களா" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சாறு இல்லாமல் வெந்த சோபாவும் உப்பும் கேட்டு வாங்கி ஒரு வேளை சாப்பிட்டேன்; அந்த முதியவர் வெங்காயத்தாளும் சேர்த்துக் கொடுத்தார். சிறு உருளைக்கிழங்கு, தோஃபு, கிழங்கு மாவில் செய்யும் கொன்யாக்கு மூன்றையும் குச்சியில் கோத்து, மிசோ என்னும் சோயா விழுது தடவி, தணலில் சுடும் 'தெகோமவாஷி' என்ற பண்டம் நல்ல துணை. மிசோவில் தாஷி கலந்திருக்கிறதா என்று அங்கும் கேளுங்கள். இயாவின் தோஃபு மிகவும் கெட்டி. முற்காலத்தில் கயிற்றில் கட்டித் தூக்கிச் சென்றார்கள் என்பார்கள்.

கியோஜோவுக்கு மேலே பெருநிறுவனக் கடை எதையும் நான் காணவில்லை. தானியங்கி விற்பனைப் பெட்டிகளில் பானம் மட்டும் கிடைக்கும். அதனால் ஊறுகாய்ப் பிளம் வைத்த அரிசி உருண்டை நான்கு, வேர்க்கடலை, வாழைப்பழம் ஆகியவற்றை முதல் நாளே வாங்கிப் பையில் வைத்திருந்தேன்.

மௌனநடை

நாகோரோவை ஒரே வரியில் கடந்ததற்கு நான் உங்களைப் பாராட்டுகிறேன். இறந்தவர்களின், வெளியேறியவர்களின் உருவங்களைச் சுற்றுலாப் பயணிகள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வதை நான் கண்ணால் பார்த்தேன். மக்கள் குறைந்துபோன துயரத்தைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது. சைக்கிளில் போகிறவர்களும் அங்கே நிற்காமல் போவதே மரியாதை என்று கருதுகிறேன்.

பழையபாதை

உங்கள் மன வருத்தம் புரிகிறது. ஆனால் நிற்காமல் போவது மரியாதை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பொம்மைகளைச் செய்பவர் அதே ஊரில் பிறந்து, தந்தையைப் பார்த்துக்கொள்ள ஒசாகாவிலிருந்து திரும்பி வந்தவர். விதையைப் பறவை கொத்தாமலிருக்கத் தந்தையின் சாயலில் செய்த சோளக்கொல்லைப் பொம்மையில்தான் இது தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் பெயரும் இயல்பும் எழுதிய ஒரு பதிவேடும் வைத்திருக்கிறார்கள். 2012-இல் மூடிய பள்ளியில், கடைசி மாணவர்கள் செய்த பொம்மைகளும் அமர்ந்திருக்கின்றன. பார்க்கப்பட வேண்டும் என்றே செய்யப்பட்டவை இவை. தொடாமல், பேச்சைத் தாழ்த்தி, அந்தப் பதிவேட்டைப் புரட்டும் நேரமாவது நின்றுவிட்டுப் போவதே முறை.

குறிஞ்சிவழி

நான் ஒரே வரியில் கடந்தது மரியாதையால் அன்று. அங்கே எனக்கு மனம் தாங்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் யாரோ காத்திருக்கிறார்கள் என்று எண்ணித் தலை வணங்கிவிட்டு, பொம்மை என்று தெரிந்ததும் வேகமாக மிதித்துப் போய்விட்டேன். அடுத்த முறை நிற்பேன்.

ஒசாகா_தமிழினி

நவம்பர் முதல் வாரத்தில் போகலாம் என்று நினைக்கிறேன். கரடிகளைப் பற்றிய செய்திகள் அச்சம் தருகின்றன. மணி கட்டிக்கொண்டு போக வேண்டுமா?

படிகப்பாறை

நீங்கள் படிக்கும் செய்திகள் பெரும்பாலும் பெருந்தீவான ஹொன்ஷூவைப் பற்றியவை. ஷிக்கோக்குவில் கருங்கரடி அழிவின் விளிம்பில் இருக்கிறது; சுருகி மலையைச் சுற்றி எஞ்சியிருப்பவை சில பத்துகளைத் தாண்டாது. சைக்கிளில் ஒரு சிறு மணி இருந்தால் போதும். அதைவிட வானிலைக்கும் சாலை மூடல் அறிவிப்புகளுக்கும் கவனம் கொடுங்கள். பெருமழைக்குப் பிறகு 439-இல் மண் சரிந்து பாதை அடைபடுவது புதிதன்று. தலைக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள், 2023 ஏப்ரல் முதல் எல்லா வயதினரும் அணிய முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

ஒசாகா_தமிழினி

போய் வந்துவிட்டேன். மினோகோஷி வரை ஏறவில்லை. இயாகுச்சியில் இறங்கி, பழைய சாலை வழியாக ஓச்சியாய் வரை மட்டும் ஓட்டி, அங்கே கூரை வேய்ந்த பழைய வீடு ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கினேன். சிலைக்கு முந்தைய ஏற்றத்தில் மூன்று முறை இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. தாஷியைப் பெயர் சொல்லிக் கேட்ட இரண்டு இடங்களிலும் சிறிது யோசித்துவிட்டு, ஷீட்டாக்கே காளானிலும் கொம்பு கடற்பாசியிலும் சாறு வைத்துத் தந்தார்கள்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தபோது, பள்ளத்தாக்கு முழுவதும் வெண்மேகம் நிரம்பியிருந்தது. ஆறும் இல்லை, 439-உம் இல்லை. எதிர்ச் சரிவின் ஊர்கள் மட்டும் வெயிலில், கை நீட்டினால் தொடலாம் என்பதுபோல் எதிரே இருந்தன. கீழே எங்கோ ஒரு வண்டி கியர் மாற்றி ஏறும் ஓசை மட்டும் மேகத்துக்குள்ளிருந்து வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் கோயெகுரோ கட்டிக்கொண்டிருந்தார். புல்லை நான் பிடிக்க, அவர் கயிறு சுற்றினார். மேகம் கலைந்து சாலை தெரிவதற்கு ஒன்பது மணி ஆயிற்று. அதுவரை சைக்கிள் திண்ணையிலேயே சாய்ந்திருந்தது.